மண்ணைக் குற்றம் சொன்னவர்

கொச்சி மட்டாஞ்சேரியில் மண் கிடையாது. இருப்பதெல்லாம் காயல், கற்சுவர், மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகள், அவற்றுக்கு நடுவே இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய சந்துகள். எங்கள் வீட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்று வைப்பதற்குக்கூட அத்தா வெளியூரிலிருந்து சாக்கில் மண் கொண்டுவந்தார். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு, வயல் மண்ணை அழுத்தும் ரோலரைச் செய்து உலகத்துக்குக் காட்டுகிறேன் என்று ஒரு மனிதர் கிளம்பினார். அவருக்குக் கீழே நான் நான்கு வருஷம் வேலை பார்த்தேன்.

அவர் அத்தாவின் சிநேகிதர். தெருவில் பார்த்தால் மாமா. பட்டறைக்குள் காலை வைத்துவிட்டால் அதே ஆள் சார். இது அவர் போட்ட சட்டம். ஒருமுறை வாய் தவறி பட்டறைக்குள் மாமா என்று கூப்பிட்டுவிட்டேன். காது கேட்காதவர் போல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார். பாலிடெக்னிக் முடித்துவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் மீன் கழுவிக்கொண்டிருந்த என்னை, படம் வரைய ஆள் வேண்டும் என்று அத்தாவிடம் கேட்டு அழைத்துக்கொண்டவர் அவர்தான். முதல் நாளே எனக்கென்று ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், தலைக்கு மேல் ஒரு மின்விசிறி. எப்போது கல்யாணம் என்று அந்த நான்கு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் கேட்கவில்லை. அதற்காகவே அவர் மேல் எனக்கு இன்றுவரை பிரியம் உண்டு. இனி நான் சொல்லப்போவது எதுவும் அவருக்குப் பிடிக்காது.

பட்டறையின் உண்மையான தொழில் தோப்பும்படி ஹார்பரைச் சேர்ந்தது. மீன்பிடிப் படகுக்கு வலை இழுக்கும் வின்ச், ஐஸ் உடைக்கும் மெஷின், சுக்கான், இப்படி. அதில் அவர் கெட்டிக்காரர். அவர் பற்றவைத்த இடம் கடலில் விட்டுப்போனதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கோயமுத்தூரில் ஏதோ விவசாயக் கண்காட்சிக்குப் போனார். அங்கே வெளிநாட்டிலிருந்து வந்த ரோலர் ஒன்று பளபளவென்று நின்றிருக்கிறது. அதைச் சுற்றி மூன்று தரம் நடந்து பார்த்துவிட்டு, இதில் என்ன பெரிய வித்தை இருக்கிறது, ஒரு டிரம், ஒரு அச்சு, ஒரு இழுகம்பி என்று சொல்லிக்கொண்டே ஊர் திரும்பினார். மறுநாள் பட்டறைத் தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம் போட்டார். நான் அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன்.

ரோலர் என்றால் தார் ரோடு போடும் ரோலர் இல்லை. உழுது புழுதியாகக் கிடக்கிற வயலில் விதையைத் தூவிய பிறகு இதை ஓட்டுவார்கள். கட்டிகளுக்கு இடையில் பொந்து பொந்தாக இருந்தால் விதை அந்தரத்தில் தொங்கிக் காய்ந்துபோகும். ரோலர் மேலே போனால் மண் விதையைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும், கீழே இருக்கிற ஈரமும் மெல்ல ஏறி வரும். ஆனால் அதிகம் அழுத்திவிட்டால் மண் தகடாகிவிடும், முளை முட்டி முட்டிச் செத்துப்போகும். நடுவில் ஒரு சரியான எடை இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதுதான் எல்லா வேலையும்.

முதல் சோதனை எங்கள் பட்டறைக்குப் பின்னால் ஒரு பாழடைந்த கிடங்கின் முற்றத்தில் நடந்தது. நூறு வருஷமாகச் சுமைகாரர்களின் கால் பட்டு இறுகிப்போன தரை. அதில் செங்கல் துண்டும் ஓடும் நிறைய. ரோலர் அதன் மேல் கடகடவென்று ஆடிக்கொண்டே போயிற்று. தரையில் ஒரு கோடுகூட விழவில்லை. டிரம்மில் மட்டும் நாலு இடத்தில் நசுங்கியது. அவர் குனிந்து தரையைத் தடவிப் பார்த்தார். வகுப்பில் கடைசி பெஞ்சுப் பையனைப் பார்க்கிற வாத்தியார் முகத்தோடு நிமிர்ந்தார்.

"மண்ணு செரியில்ல மோளே," என்றார்.

அன்றைக்கு அதை நான் ஒரு கருத்து என்று நினைத்துக் குறிப்பில் எழுதிக்கொண்டேன். பிறகுதான் தெரிந்தது, அது அவருடைய மதம். எது உடைந்தாலும் கடைசியில் போய் நிற்பது மண்ணில்தான். கடைசல் இயந்திரம் சரிந்து வேலை பிசகினால் பட்டறைத் தரை இறங்கிவிட்டது, அடியில் இருக்கிற மண் மோசம். ஐஸ் மெஷின் பல்லு முறிந்தால் ஐஸில் மண் கலந்திருக்கும். மகள் கணக்கில் தோற்றபோதுகூட அந்தப் பள்ளிக்கூடத்தைச் சதுப்பில் கட்டினார்கள், அங்கே ஒன்றும் உருப்படாது என்று சொன்னார். மாமி ஒருநாள் கறியில் உப்பு கூடிவிட்டது என்று வருத்தப்பட்டாள். அந்தச் சட்டி எந்த மண்ணில் செய்ததோ என்று அவர் சமாதானம் சொன்னாராம். மாமி இதை என்னிடம் சொல்லிவிட்டு, முப்பது வருஷமாக என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை தெரியுமா என்றும் சேர்த்துக்கொண்டாள். அது உண்மைதான். மனிதர்களை அவர் குறை சொல்லவே மாட்டார், குறிப்பாகத் தன்னை.

வெலிங்டன் தீவுக்குப் பாலம் தாண்டிப் போகும்போதெல்லாம் ஸ்கூட்டர் வேகத்தைக் குறைப்பார். துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டி உண்டாக்கிய தீவு அது. வெள்ளைக்காரன் கொட்டினானே தவிர ஒழுங்காக ரோலர் போட்டு இறுக்கவில்லை என்பது அவருடைய நீண்டகால மனக்குறை. அவ்வளவு பெரிய கப்பல்களும் கிடங்குகளும் தாங்குகிற தீவு இவர் ஸ்கூட்டருக்குக் கீழே அமுங்கிவிடுமோ என்று பயந்து பயந்து ஓட்டுவார். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தே செத்துப்போவான்.

இரண்டாவது சோதனைக்கு வைப்பினுக்குப் போனோம். ரோலரை ஜங்காரில் ஏற்றினோம், அதாவது வண்டிகளை அக்கரை கொண்டுபோகும் படகில். பயணிகள் எல்லாரும் அதைச் சுற்றி நின்று கோயில் சப்பரத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். ஒருவர் இது தண்ணி டாங்கா என்று கேட்டார். ஆராய்ச்சி என்று இவர் பதில் சொன்னார். வைப்பின் வயல் சேறு. அதில் ரோலர் ஓட்டக் கூடாது என்பது அங்கே நின்ற வாத்துக்குக்கூடத் தெரியும். இவர் ஓட்டினார். பத்தடி போனதும் ரோலர் நிதானமாக உட்கார்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம் உட்கார்ந்தது. மீன்பிடிக்கப் போகிற ஆட்கள் பதினோரு பேர் படகுக் கயிறு கட்டி, ஏலேலோ போட்டு அதைக் கரையேற்றினார்கள். வயல்காரர் தலையில் கை வைத்து நின்றார். இவர் அவர் தோளைத் தட்டி, உங்கள் மண்ணுக்குக் கட்டுப்பாடு போதாது என்று ஆறுதல் சொன்னார்.

ஆனால் சும்மா வாய்ச்சொல் வீரர் என்று அவரை எழுதிவிட முடியாது. வேலை என்று வந்தால் பூதம். மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்க ஒரு கருவி வேண்டும். விலைக்கு வாங்காமல் பழைய படகு எஞ்சின் ஸ்பிரிங்கையும் ஒரு கூர்க்கம்பியையும் சேர்த்து அவரே செய்தார். அது உண்மையிலேயே வேலை செய்தது. வளையம் அடித்து மண் எடுத்து, காயவைத்து, முன்னும் பின்னும் நிறுத்து ஈரத்தைக் கணக்குப் பார்ப்போம். காயவைத்தது மாமியின் பிரியாணிச் செம்பில், அதாவது பிரியாணி ஆக்கும் தேக்சாவில். மாமி ஒருநாள் அதைத் திறந்துவிட்டுப் பட்டறைவரை வந்தாள். செம்பை என் மேசை மேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் புதிதாக ஒரு செம்பு வாங்கிக்கொண்டாள். பழையது ஆராய்ச்சிக்குச் சொந்தமாயிற்று.

கருவிகள் எல்லாம் இருந்தாலும் கடைசித் தீர்ப்பு அவருடைய நாக்குதான். எந்த வயலுக்குப் போனாலும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். புளிப்பு, துவர்ப்பு, வழவழப்பு என்று ஏதாவது ஒன்று சொல்லித் துப்புவார். எழுதிக்கோ என்பார். கம்பி வளையலாம், ஸ்பிரிங் தளரலாம், நாக்கு பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. மண் ருசிக்கென்று என் குறிப்பில் ஒரு தனிக் கட்டமே இருந்தது. அதைப் பார்த்துச் சிரிக்காதவள் நான் ஒருத்திதான். சிரித்தால் வேலை போய்விடும்.

மூன்றாவது ரோலர்தான் விஷயம். அதில் அவர் ஒரு புதுமை செய்தார். டிரம் உள்ளே காலியாக இருக்கும், எடைக்குத் தண்ணீர் ஊற்றுவோம். எல்லாரும் செய்கிறதுதான். ஆனால் எங்கள் பக்கம் குழாயில் நல்ல தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், அதுவும் குடத்தோடு சண்டை போட்டுப் பிடிக்க வேண்டும். பட்டறையின் பின்வாசலைத் திறந்தாலோ காயல். மே மாதத்துக் காயல் கடலேதான், வாயில் வைக்க முடியாது. பம்பைப் போட்டு அதிலிருந்து நிரப்பினார். உப்புத் தண்ணீருக்கு எடை அதிகம், அதே டிரம்மில் ஏழெட்டுக் கிலோ நமக்கு லாபம் என்று அவருக்கு வாயெல்லாம் பல். உப்பு இரும்பைத் தின்னுமே என்று நான் கேட்டேன். அதெல்லாம் யோசிக்காமலா இருப்பேன் என்று, படகின் அடிப்பக்கத்துக்குப் பூசுகிற பெயிண்டை டிரம்மின் உள்ளே மூன்று பூச்சு பூசியதைக் காட்டினார். இரும்பை உப்பிடமிருந்து காப்பாற்ற அவ்வளவு யோசித்தார். கொச்சிக்காரர்கள் எங்கள் எல்லாருக்கும் உப்பு என்றால் இரும்புக்குத்தான் ஆபத்து. மண்ணுக்கும் ஆபத்து என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. எங்களுக்குத்தான் மண்ணே கிடையாதே.

ஹார்பரில் மீன் நிறுக்கிற பெரிய தராசில் ரோலரை ஏற்றி எடை பார்த்தோம். மூடியை இறுக்கி, எடை மாறக் கூடாது என்று அதன் மேல் பெயிண்டால் ஒரு புள்ளியும் வைத்தார். அப்படியே மினி லாரியில் ஏற்றிப் பாலக்காட்டுக்குப் புறப்பட்டோம்.

அங்கே சைனபா அக்கா இருந்தாள். மாமியின் பெரியம்மா மகள். ஐம்பது வயசு, கணவர் இறந்து ஆறு வருஷம். குடும்பத்துக்குப் பொதுவாக ஒரே ஒரு வயல். அவள்தான் அதில் பயிர் செய்கிறாள், அவள் கொழுந்தன் அதை விற்க வேண்டும் என்கிறான். நெல்வயலை அவ்வளவு சுலபமாக மேடாக்கி விற்கச் சட்டம் விடாது. அங்கே நெல் விளையாது என்று காட்ட வேண்டும். அக்கா வருஷம் தவறாமல் விளைவித்துக்கொண்டிருந்தாள், அதனால் அவன் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். சொந்தக்காரர் கேட்கிறாரே என்று அந்த வயலைத்தான் அக்கா எங்களுக்குச் சோதனைக்குத் தந்தாள். வேனல் மழை பெய்து, புழுதி உழுது, விதை தூவிய வயல். அவளுடைய விதை.

அன்றைக்கு எல்லாம் அழகாக நடந்தது. டிராக்டர் இழுத்தது, ரோலர் சத்தமில்லாமல் உருண்டது. பின்னால் மண் பாய் விரித்தாற்போல் படிந்தது. கம்பியைச் செருகி அளந்தால் நாங்கள் கணக்குப் போட்ட அளவே வந்தது. இரண்டு வருஷ உழைப்பு பலித்துவிட்டது. அப்போதுதான் அவர் ரோலரின் இடது ஓரமாக ஓடிய ஒரு கோட்டைப் பார்த்தார். உலர்ந்த மண்ணில் நாலு விரல் அகலத்தில் கறுப்பாக ஈரக் கோடு.

"பாத்தியா மோளே. அடியில கெடந்த ஈரம் மேல கேறி வருது. நம்ம ரோலர் வலிச்சு இழுத்ததாக்கும்," என்றார். அவர் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரே தடவைதான்.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார். டிராக்டர்காரனைக் கூப்பிட்டுக் காட்டினார். போனில் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்பினார். நான் குனிந்து பார்த்தேன். ரோலரின் இடது பக்கத்து அச்சு மூடியில் ஒரு துளி நின்று, கனத்து, விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. லாரியில் குலுங்கி வந்ததில் அச்சைச் சுற்றிய ரப்பர் விலகியிருக்க வேண்டும். எனக்கு அது தெரிந்தது. சந்தேகமாக இல்லை, தெளிவாகவே தெரிந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷத்தில் ஒரு வாஷரைப் பற்றி யார் பேசுவது? நோட்டுப் புத்தகத்தில், ஈரம் மேலே வந்தது, நல்லது என்று என் கையால் எழுதினேன்.

பதினைந்து நாள் கழித்து அக்கா போன் செய்து வரச் சொன்னாள். போனோம். முளைப்பு பிரமாதம், வயல் முழுக்க ஒரே சீராகப் பச்சை. ஆனால் அந்தப் பச்சையில் வகிடு எடுத்தாற்போல் மொட்டைக் கோடுகள். நாங்கள் ஈரம் ஏறியது என்று படம் எடுத்தோமே, அதே இடங்களில். வயலின் முதல் பாதியில்தான் கோடுகள். போகப் போக மெலிந்து, பாதி தாண்டியதும் ஒன்றுமில்லை, முழுப் பச்சை. அச்சு மட்டம்வரை தண்ணீர் ஒழுகி முடிந்ததும் கோடும் முடிந்திருக்கிறது. வரைபடம் வரைகிற எனக்கு இதைவிடத் தெளிவாக ஒரு வரைபடத்தை யாரும் காட்டியதில்லை.

அவர் கோட்டில் உட்கார்ந்து ஒரு சிட்டிகை மண்ணை நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். உடனே திறந்தார். பட்டறையின் பின்வாசலில் பிறந்து வளர்ந்த மனிதர், அந்த ருசி அவருக்குத் தெரியாமல் இருக்குமா? வழக்கமாகத் துப்புகிறவர் அன்றைக்குத் தோளில் கிடந்த துண்டால் நாக்கைத் துடைத்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உப்பு மண்ணாக்கும்," என்றார். "மண்ணு செரியில்ல."

அக்கா கொஞ்ச நேரம் கோடுகளையே பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஏ மோளே, நீ படிச்சவ, சொல்லு. மண்ணு உப்பாகறதுன்னா இப்டி ஸ்கேல் வெச்சு கோடு போட்டா உப்பாகும்?"

நான் சொல்லியிருக்க வேண்டும். ரோலரை ஏற்றிக்கொண்டு திரும்புகிற வழியெல்லாம் லாரியின் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் அவர் அறிக்கை எழுதச் சொன்னார். அந்தப் பகுதி வயல்காரர்களின் சங்கத்துக்கு ரோலர் விற்பதாக ஏற்பாடு, அவர்களுக்குச் சோதனை முடிவு போக வேண்டும். அவர் சொல்லச் சொல்ல நான் மலையாளத்தில் தட்டினேன். ரோலரின் செயல்பாடு முழுத் திருப்தி. முளைப்பில் சில இடங்களில் கண்ட குறைக்குக் காரணம், சோதனை நிலம் இயற்கையாகவே உப்புத் தன்மை உடையது, நெல்லுக்கு உகந்தது அல்ல. அவர் கையெழுத்துப் போட்டார். பட்டறை முத்திரையும் குத்தினார். முத்திரை அழகாக விழுந்ததா என்று சாய்த்துப் பார்த்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நாலு நாள் போனது. அக்கா போன் செய்தாள். கோபமே இல்லாத குரல், அதுதான் பயமாக இருந்தது. சங்கத்தில் அந்தக் காகிதத்தைக் கொழுந்தன் பார்த்துவிட்டான், ஒரு நகலும் வாங்கிக்கொண்டான், இதைக் காட்டி நெல் விளையாத நிலம் என்று மனுப்போடப் போகிறான் என்று சொன்னாள். ஆறு வருஷமாக அவனுக்குக் கிடைக்காதது ஒரு காகிதம்தான், அதை உங்கள் சார் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார் என்றாள். பிறகு, அதைத் தட்டினது யார் என்று கேட்டாள். நான் என்று சொன்னேன். போனை வைத்துவிட்டாள்.

ரோலர் பட்டறையின் ஓரத்தில் நின்றது. உள்ளே இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. மாமி அனுப்பும் சாயாவை ஊற்றிக் குடிக்கிற கண்ணாடி கிளாஸ் ஒன்றை எடுத்து, பெயிண்ட் புள்ளி வைத்த மூடியைத் திறந்து, ரப்பர் குழாய் வைத்து உறிஞ்சி நிரப்பினேன். உறிஞ்சும்போது என் வாயிலும் கொஞ்சம் போயிற்று. அதற்கு மேல் ஆதாரம் வேண்டாம்.

அவர் வின்ச் ஒன்றைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். முகமூடியைத் தூக்கும்வரை நின்றேன்.

"சார், அந்தக் காகிதத்த மாத்தணும். கொழுந்தன் அத வெச்சுத்தான் நிக்கறாரு. அக்காவுக்கு வயல் போயிரும்."

"நா ருசி பாத்து எழுதினது. உப்புன்னா உப்பு."

"உப்புதான். எங்கேருந்து வந்த உப்புன்னு இதையும் ருசி பாத்துட்டுச் சொல்லுங்க. நாக்கு பொய் சொல்லாதுல்ல?"

கிளாஸை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. பற்றவைத்த இடத்தைச் சுத்தியலால் தட்டித் தட்டிப் பார்த்தார், அது ஏற்கெனவே நன்றாகத்தான் இருந்தது. வெளியே ஏதோ ஒரு படகு ஹாரன் அடித்துப் போயிற்று. நான் நகரவில்லை. வேலை போனால் போகட்டும், மறுபடி மீன் கழுவலாம் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் கிளாஸை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். துப்பவில்லை, விழுங்கினார். காயல் தண்ணீரை விழுங்குகிற மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே போய் ரோலரின் மேல் உட்கார்ந்தார். அதன் அச்சு மூடியில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை விரலால் ஒருமுறை தடவினார்.

சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த வாயிலிருந்து என் தப்பு என்ற வார்த்தை வரப்போகிறது, அதைக் கேட்க நான் ஒருத்திதான் இருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தண்ணி செரியில்ல மோளே," என்றார்.

எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. ஆனால் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். எழுதிக்கோ என்றார். முன்பு அனுப்பிய அறிக்கை ரத்து. முளைப்பில் கண்ட குறைக்குக் காரணம் நிலம் அல்ல. டிரம்மில் நிரப்பியிருந்த கொச்சிக் காயல் தண்ணீர் வேளாண் பணிக்குத் தரமற்றது, அது ஒழுகிய இடங்களில் மட்டுமே பயிர் முளைக்கவில்லை. யார் நிரப்பினார், யார் இறுக்கினார், யார் ஒழுகவிட்டார் என்று அதில் ஒரு வரி இல்லை. தண்ணீர் தானாகவே பின்வாசல் வழியாக நடந்துவந்து டிரம்முக்குள் ஏறி உட்கார்ந்து, பாலக்காடுவரை லாரியில் சவாரி செய்து இறங்கியதுபோல் இருந்தது. கையெழுத்துப் போட்ட பிறகு பேனாவை வைக்காமல் கொஞ்சம் யோசித்தார். முத்திரைக்குக் கீழே, தன் கோணல் எழுத்தில் ஒரு வரி சேர்த்தார். மண் நல்ல மண்.

அவரிடம் நான் வேலை பார்த்த நான்கு வருஷத்தில் ஒரு மண்ணை அவர் நல்லது என்று சொன்னது அந்த ஒரு தடவைதான். தபாலில் போட வேண்டாம் என்று சொல்லி, அந்தக் காகிதத்தைக் கொடுக்க அவரே பஸ் ஏறிப் பாலக்காடு போனார். சங்கத்தில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று கேட்டேன். ரோலர் அவர்களுக்கு இப்போதைக்கு வேண்டாமாம் என்று மட்டும் சொன்னார். அவ்வளவு நாள் அதற்காகத்தான் உழைத்தோம். அந்தச் சங்கக் கட்டடம் நிற்கிற மண்ணு செரியில்ல என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அன்றிலிருந்து எல்லாப் பழியும் தண்ணீர் மேல் போயிற்று. ஐஸ் மெஷின், மாமியின் கறி, மகளின் இங்கிலீஷ், எல்லாம் தண்ணீர். மண்ணுக்கு விடுதலை கிடைத்தது.

அவரை இவ்வளவு கிண்டல் செய்த பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் நான் யோக்கியம் இல்லாதவள். அந்தப் புது அறிக்கையில் என் பெயரும் இல்லை. துளி சொட்டியதைப் பார்த்தவள் நான், நல்லது என்று எழுதியவள் நான், அக்கா கேட்டும் சொல்லாமல் லாரி ஜன்னலைப் பார்த்தவளும் நான். தண்ணீர்தான் காரணம் என்று தட்டும்போது எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது. அந்த நோட்டுப் புத்தகம் இப்போதும் என்னிடம் இருக்கிறது.

நல்ல மழை பிடித்து உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு போனது. அக்கா நெருக்கமான இடத்திலிருந்து நாற்றைப் பறித்து மொட்டைக் கோடுகளில் நட்டாள். கொழுந்தன் மனு கொடுக்கவில்லை. ஒருநாள் அவளே போன் செய்தாள். பயிர் எப்படி என்று கேட்டேன். அவள் அதற்குப் பதில் சொல்லாமல், காகிதத்தை மகனை விட்டு முழுசாக இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டதாகச் சொன்னாள். அதில் உங்கள் சார் பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லையே என்றாள்.

"அப்போ ஆருமே தப்பு பண்ணல," என்றாள். "செரி. என் மண்ணும் பண்ணல. அது போதும், அது எனக்கு மதி."